காதல் கதையும் வழக்குரையும்

சில ஆண்டுகளுக்கு முன், அகத்திணை வகுப்பு முடிந்த ஒரு பிற்பகலில் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஆணும் ஆணும் காதலிக்கிற நாவல்களில் கடைசியில் யாராவது ஒருவர் ஏன் செத்துப்போகிறார்?" துன்பியல் முடிவுக்கே ஆழம் அதிகம் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்விடை தவறு என்பது சில நாவல்களை மீண்டும் வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் எழுதிய 'மாரிஸ்', அவர் மறைந்த பிறகு 1971இல்தான் அச்சேறியது. ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். நாவல் மகிழ்ச்சியாகவே முடியவேண்டும் என்பதில் தாம் உறுதியாக இருந்ததைப் பின்னுரையில் அவர் பதிவுசெய்கிறார். தற்கொலையில் முடித்திருந்தால் வெளியிடுவது எளிதாகியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆக, நான் ஆழம் என்று போற்றியது பல வேளைகளில் தணிக்கைக்குக் கட்டிய சுங்கம்.

அப்படியானால் இன்பமுடிவு இருந்தால் போதுமா? போதாது. 'மாரிஸ்' நாவலில் கேம்பிரிட்ஜ் நண்பன் கிளைவ் முழு மனிதன். பிளேட்டோவை வாசித்துக் காதலிக்கிறான். பிறகு பின்வாங்கித் திருமணத்துக்குள் ஒடுங்குகிறான். ஆனால் மாரிஸ் இறுதியில் கைப்பற்றும் வேட்டைக்காவலன் அலெக்கின் உள்ளம் நமக்குப் பெரிதும் மூடியே கிடக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருவரும் ஒருவரையொருவர் மிரட்டியும் அஞ்சியும் நிற்கும் இடத்தில்தான் அவன் உயிர்பெறுகிறான். அம்முடிவு பாத்திரங்கள் ஈட்டியது என்பதைவிட ஆசிரியர் வழங்கிய வரம் என்றே எனக்குப் படுகிறது.

பாட்ரிசியா ஹைஸ்மித் 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'தி ப்ரைஸ் ஆஃப் சால்ட்' இங்கேதான் வெல்கிறது. மணவிலக்கு வழக்கில் இருக்கும் கேரலுக்குத் தெரீஸுடனான உறவின் விலை, பெற்ற மகள். சமூகம் கொடியது என்று ஆசிரியர் எங்கும் முழங்கவில்லை. ஒரு தாய் எதை இழக்கிறாள் என்று காட்டுகிறார். தெரீஸும் வெறும் மயக்கத்திலிருந்து முதிர்ந்து, தன் விருப்பத்தால் கேரலிடம் திரும்புகிறாள்.

ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜொவானியின் அறை' (1956) மரணத்தை நோக்கியே செல்கிறது. எனினும் அது வெற்றிபெற்ற நாவல். ஜொவானியின் அழிவில் டேவிட்டின் கோழைத்தனத்துக்கும் பங்குண்டு. அதை அவனே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்கே மரணம் ஆசிரியர் விதித்த தண்டனையன்று.

நம் அகப்பாடல்களில் அலர் உண்டு, இற்செறிப்பு உண்டு. ஆனால் அவை காதலை நெருக்கும் சுவர்கள் மட்டுமே. பாட்டு தலைவியின் நெஞ்சைப் பற்றியது. தோற்கும் தன்பாலீர்ப்பு நாவல்களில் அலரே தலைமகனாகிவிடுகிறது. காதலர் இருவரும் அநீதிக்குச் சான்று சொல்ல வந்த சாட்சிகளாகச் சுருங்குகிறார்கள். அவர்கள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்காகச் சண்டையிடுவார்கள் என்று நமக்குத் தெரிவதேயில்லை.

'காதல் என்றால் காதல்தான், பால் ஒரு பொருட்டே அல்ல' என்பாரும் உளர். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், புனைவுக்கு அது உதவாது. எதிரில் இருப்பவரும் தன்னைப் போன்றவர்தானா என்று அறிவதே இக்காதலின் முதல் இடர். கடையில் பொம்மை விற்கும் தெரீஸ், வாடிக்கையாளராக வந்த கேரலுக்கு ஒரு வாழ்த்தட்டை அனுப்புகிறாளே, அச்சிறு செயலில் எவ்வளவு துணிச்சல்! அதைத் தாண்டிச் சென்றுவிடும் நாவல் தன் கதையையே தவறவிடுகிறது.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இவ்வுறவு குற்றமன்று. இனியும் சுங்கம் கட்டவேண்டிய தேவை எழுத்தாளருக்கு இல்லை. அந்த மாணவர் இன்று எங்கிருக்கிறாரோ, அறியேன். அன்று அவர் கேட்டது இலக்கியக் கேள்வி மட்டும்தானா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.