அரசி இருந்தும் அரைப் புள்ளி

அண்மையில் சதுரங்கப் போட்டியொன்றுக்கு எங்கள் மாணவிகளை அழைத்துச் சென்றிருந்தேன். இறுதிச் சுற்றில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் அரசனும் அரசியும். எதிரே அமர்ந்தவளிடம் தனி அரசன் மட்டுமே, அதுவும் மூலையில். இவள் தன் அரசியை அந்த அரசனிடமிருந்து குதிரை தாவும் தொலைவில் வைத்தாள். 'செக்' இல்லை; அரசன் நகரக் கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆளுக்கு அரைப் புள்ளி.

அதன்பின் நடந்ததே இப்பதிவுக்குக் காரணம். "அரசியை வைத்திருக்கும் பிள்ளை எப்படி வெல்லாமல் போகும்?" என்று தகப்பனார் நடுவரிடம் வாதிட்டார். உடன்வந்த ஆசிரியர்களோ அவருக்குத் தலையாட்டினர்! விதி அறியாதவர் வாதிடலாம்; அறிந்த நாம் ஆமோதிக்கலாமா?

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நான்கே நகர்த்தலில் எதிரியை மடக்கும் பொறியை அவளுக்குப் பயிற்றுவித்தவன் நானே. விவரமறியாத குழந்தைகளிடம் அது பலிக்கும், கோப்பையும் வரும். அரசியைக் கொண்டு தனி அரசனை மடக்கும் முறைக்கு ஒரு பிற்பகல் போதும். அதை நான் ஒதுக்கவில்லை. யுபிஎஸ்ஆர் 2021இல் நீக்கப்பட்டபோது மகிழ்ந்தோமே! 'ஏ'க்களை எண்ணிய அதே விரல்கள்தாம் இப்போது கோப்பைகளை எண்ணுகின்றன.

ஒவ்வொரு நகர்த்தலையும் அவள் தன் கைப்பட எழுதிய தாள் ஒன்று இருந்தது. பிழை எங்கே நேர்ந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி நூல் அவளுக்குக் காட்டும்? திங்கட்கிழமை கேட்டேன். அப்பா கிழித்துப் போட்டுவிட்டார் என்றாள்.