கடுகண்ணாவை ஏற்றத்தில் காணாமற்போன பொறி

கண்டியில் வாழும் நண்பர் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு செய்தி வந்தது. தந்தையார் விட்டுச் சென்ற ஜாகுவார் காரின் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்தத் தாம் முடிவு செய்துவிட்டதாகவும், அதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்கும்படியும் அவர் கேட்டிருந்தார். மகளின் கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. மணமகள் பாட்டனாரின் காரிலேதான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம்.

அந்தக் கார் 1959 முதல் 1967 வரை உற்பத்தியான ‘மார்க் 2’ வகையைச் சேர்ந்தது. அதன் ஆறு சிலிண்டர் இயந்திரம் இலேசான பொருளன்று. 1948இல் அறிமுகமாகி 1992 வரை உற்பத்தியில் இருந்த குலம் அது. பிரான்சின் லெமான்ஸ் நகரில் நடக்கும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்ற கார்களுக்கு உயிர்கொடுத்ததும் இதுவே. அதைக் கழற்றிய பின் எஞ்சுவது மூக்கின் நுனியில் பாயும் வெள்ளிச் சிறுத்தை மட்டுந்தான்.

வியாதி யாதெனில், கார் வீட்டு வாசலில் நன்றாக ஓடும், ஊருக்குள்ளும் ஓடும். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் திடீரென நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் புறப்படும். ஒரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் இரண்டு காபரேற்றர்களையும் பிரித்துப் பூட்டினார்கள். மூன்றாமவர் இயந்திரமே தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறிவிட்டார். மூவரும் தத்தம் கராஜில், குளிர்ந்திருந்த காரையே பார்த்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சல் விட்ட வேளையில் நாடி பார்த்த வைத்தியரைப் போன்றதுதான் இது.

ஆகவே நாம் கராஜ் எதற்கும் போகவில்லை. ஒரு 12 வோல்ற் மின்குமிழ், அதற்கு இரண்டு கம்பிகள், பழைய பிளக் ஒன்று, சிறிய திருப்புளி, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நண்பரோடு மாவனல்லைக்கு இறங்கினோம். நண்பரின் தாயாரும் தாமும் வருவேன் என்று பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். “தம்பி, அவர் இருக்கும்வரைக்கும் இது ஒருநாளும் வழியில் நின்றதில்லை” என்றார். திரும்பி ஏறும்போது, நாம் எதிர்பார்த்தபடியே, கார் நின்றது. வழியில் நின்ற காருக்காக மகிழ்ந்தவர்கள் அன்று அந்தத் தெருவில் நாம் மட்டுமாகவே இருப்போம்.

இங்கே மாணவர்களுக்காகச் சற்று விளக்கம் கூறவேண்டியிருக்கிறது. பற்றரியில் இருப்பதோ 12 வோல்ற். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு ஆயிரக்கணக்கான வோல்ற் வேண்டும். அதை உண்டாக்குவது கொயில். ஒரே இரும்பு நடுக்கட்டையின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றும், மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றுமாக இரண்டு சுருள்கள் அதில் உள்ளன. தடித்த சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சடுதியாக அறுத்தால், காந்தப்புலம் குலைந்து மெல்லிய சுருளில் பெரும் வோல்ற் எழும். இத்தூண்டலை 1831இல் கண்டவர் பரடே. காருக்கேற்ற முறையாக இதை அமைத்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கெற்றறிங். 1910ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. மின்னோட்டத்தை அறுப்பவை டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் ‘பொயின்ற்’ என்னும் இரு சிறு தொடுமுனைகள். அவை விலகும் தூரம் ஏறத்தாழ 0.015 அங்குலமே. இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், ஆறு சிலிண்டருக்குமாக அவை நிமிடத்துக்கு 9000 முறை, அதாவது செக்கனுக்கு 150 முறை, திறந்து மூடவேண்டும்!

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முனைகளுக்கிடையே மின்னோட்டம் தாவ முயலும். அதைத் தற்காலிகமாகத் தன்னுள் வாங்கிக்கொண்டு முனைகளைக் காப்பது, சுண்டுவிரல் நுனியளவான கொண்டென்சர். அது செத்துத் திறந்துபோனால் பொயின்ற் நீலமாகப் பொரிந்து கருகும், பொறி மெலியும். உள்ளே ஒட்டிக்கொண்டாலோ, மின்னோட்டம் அறுபடவே அறுபடாது, பொறியே இராது.

இனி ஏற்றத்துக்கு வருவோம். சில்லுக்குப் பின்னால் கல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னோம். பின்புறத்தில் பெற்றோல் பம்ப் சிலமுறை ‘டிக் டிக்’ என்று அடித்து அடங்கியது. காபரேற்றர்களின் கிண்ணங்கள் நிரம்பியிருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஸ்ரார்ட்டர் உற்சாகமாகச் சுற்றியது, பற்றரியிலும் பிழையில்லை. கொயிலின் நடுக்கம்பியில் பழைய பிளக்கை மாட்டி, அதன் உடலை இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்துச் சுற்றினோம். (கையாற் பிடித்துப் பார்க்கலாகாது, பெற்றோல் கசிவுள்ள இடத்தில் இச்சோதனையே கூடாது.) பொறி இல்லை.

குற்றம் எரிபொருளில் இல்லை, எரிபற்றலில் என்பது உறுதியாயிற்று. அடுத்தது மின்குமிழின் வேலை. அதன் ஒரு கம்பியை இயந்திரத்தின் உடலிலும், மற்றதைக் கொயிலில் சாவியிலிருந்து வரும் முனையிலும் வைத்தோம். அந்தக் காலத்து லூக்காஸ் கொயில்களில் அது ‘எஸ்.டபிள்யூ’ என்று குறிக்கப்பட்டிருக்கும். குமிழ் எரிந்தது. டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் ‘சி.பி.’ முனையில் வைத்துச் சுற்றினோம். பொயின்ற் திறக்கும்போது எரிந்தும், மூடும்போது அணைந்தும் அது கண்சிமிட்ட வேண்டும். எரியவே இல்லை. அம்முனையிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் கம்பியைக் கழற்றியதும் எரிந்தது. ஆகவே கொயிலின் தடித்த சுருள் அறவில்லை; மின்னோட்டம் டிஸ்ரிபியூற்றருக்குள்ளேதான் வழிதவறி உடலோடு சேர்கிறது. கம்பியை மீண்டும் பூட்டி, மூடியைத் திறந்து, பொயின்ற் முனைகளுக்கிடையே ஓர் அட்டைத் துண்டைச் செருகினோம். அப்போதும் இருள். கொண்டென்சரின் கம்பியை மட்டும் விடுவித்தோம். குமிழ் பளிச்சென்று எரிந்தது.

“அதுவா? அது புத்தம் புதியதாயிற்றே!” என்றார் நண்பர். உண்மைதான். கலியாணத்தை முன்னிட்டு, ஓடிக்கொண்டிருந்த காருக்குப் பொயின்ற், பிளக், கொண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நின்றுபோகும் வியாதி அதன் பின்னரே தொடங்கியது. புதியது என்பதால் எவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, இயந்திரச் சூடு ஏறியதும் உள்ளே ஒட்டிக்கொள்ளும் கொண்டென்சர்களைப் பழைய கார்க்காரர் பலரும் அறிவர்.

சாவியை அணைக்கும்படி நண்பருக்கு இரண்டுமுறை நினைவூட்ட நேர்ந்தது. ஏறத்தாழ 3 ஓம் தடையுள்ள கொயிலில் 12 வோல்ற் ஓயாது பாய்ந்தால் 4 அம்பியர். 48 வாற்று வெப்பம் அதற்குள் தேங்கும். ஒரு குற்றத்தைத் தேடப்போய் இன்னொன்றை உண்டாக்கியோர் பலர்.

இனி வேறொரு கொண்டென்சருக்கு எங்கே போவது? மழையும் தூறத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் பின் ஆசனத்திலிருந்து அம்மையார், “டிக்கியில் அவருடைய ரொபி ரின் ஒன்று கிடக்கிறது, பாருங்கோ” என்றார். துருவேறிய ரின்னுக்குள், கழற்றிய சாமான் ஒவ்வொன்றும் கடதாசியில் சுற்றப்பட்டு, தேதி எழுதப்பட்டிருந்தது. ஒரு பொட்டலத்தின்மேல், ‘நல்லது, தேவைக்கு வைத்தது’ என்ற எழுத்து. உள்ளே பழைய கொண்டென்சர். நண்பர் அக்கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாமே திருப்புளியை வாங்கிப் பூட்டினார்.

கார் முதற் சுற்றிலேயே புறப்பட்டது. டோசன் கோபுரத்தைக் கடந்து பேராதனை வரை ஒருமுறையும் விக்கவில்லை. யப்பானிய இயந்திரத்துக்குக் கொடுத்த முற்பணத்தை அன்று மாலையே திருப்பிக் கேட்டதாகவும், பாதிதான் கிடைத்ததாகவும் நண்பர் பின்னர் கூறினார். கலியாணத்தன்று அந்தக் காரில் நமக்கும் இடம் கிடைத்தது. ரொபி ரின் டிக்கியிலேயே இருந்தது. கழற்றிய புதுக் கொண்டென்சரும் கடதாசி சுற்றி அதற்குள் இருந்தது. மேலே நண்பரின் எழுத்தில், ‘கூடாதது’ என்று.