கூடு விட்டுப் பறக்கும் கனவு

உறங்குபவரைத் திடுமென எழுப்பலாகாது என்று வீட்டுப் பெரியோர் சொல்வதுண்டு. பிருகதாரண்யக உபநிடதமும் இதனைக் குறிப்பிடுகிறது. உடலாகிய கூட்டைப் பிராணனின் காவலில் விட்டு, ஆன்மா கனவில் பறவைபோல் வெளியே உலவுமாம்.

ஆதிசங்கரர் இதனை நேர்ப்பொருளாகக் கொள்ளவில்லை. குருநாட்டில் உறங்கியவன் கனவில் பாஞ்சாலம் சென்றாலும் குருநாட்டில்தானே விழிக்கிறான். நூறு யோசனைத் தொலைவை நொடியில் கடந்து மீள்வது எவ்வாறு என்று பிரம்மசூத்திர பாஷ்யத்தில் வினவுகிறார். சிரிப்பை வரவழைக்கும் அளவுக்கு எளிய வாதம், மறுப்பதுதான் கடினம்.

1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், உறங்கிக்கொண்டே 'இது கனவு' என்றுணர்ந்த ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை அசைத்து அடையாளம் காட்டினார். அதனைக் கருவி பதிவு செய்தது. உடலை விட்டு மிதந்ததாகக் கூறுவோர், அக்காட்சியையே மெய்யெனக் கொள்கின்றனர். வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவே.

பாகாயத்தை அடுத்த வேலூரில், சின்னபொம்ம நாயக்கர் போற்றிய அப்பய்ய தீட்சிதரின் கவலையோ வேறு. அறிவு கலங்கும் இறுதி வேளையில் மனம் எங்கே நிற்கும்? ஊமத்தைச் சாறு அருந்தி, பித்தேறிய நிலையில் தாம் சொல்வதை எழுதிக்கொள்ளுமாறு அவர் சீடர்களைப் பணித்தார் என்பது வழிவழிச் செய்தி. (ஊமத்தை கொடிய நஞ்சு; எவரும் முயலலாகாது.) தெளிந்தபின் ஏட்டைப் பார்த்தால், ஐம்பது சுலோகங்களும் சிவபெருமானைப் பற்றியே இருந்தன.