சுவருக்கும் கண் வந்தது

சுவருக்கும் காது உண்டென்று நம் முன்னோர் எச்சரிக்கையாகச் சொல்லி வைத்தார்கள். இன்று அது கட்டட சாஸ்திரமாகவே ஆகிவிட்டது.

1987-ல் பாரிஸில் திறக்கப்பட்ட அரபு உலக நிலையத்தின் தென்புறச் சுவரில், கண்ணின் பாவையைப்போல் வெளிச்சத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் துவாரங்களை ழான் நுவேல் என்னும் சிற்பியும் அவருடைய சகாக்களும் அமைத்தனர். 2012-ல் அபூதாபியில் முடிவுற்ற அல் பஹர் இரட்டைக் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடைகள், கம்ப்யூட்டரின் ஆணைப்படி, சூரியகதியை அனுசரித்து விரிந்தும் மடங்கியும் வெயிலைத் தடுக்கும்படி நிர்மாணிக்கப்பட்டன. இரண்டுக்கும் மூலம் அராபியர் வீடுகளின் பழைய மரப் பலகணியே. புராதனத் தச்சனின் அறிவை நூதன யந்திரம் தொடர்ந்து நடத்துவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

வெயிலை அறியும் கட்டடத்தோடு விஷயம் நிற்குமாயின் நமக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை. ஆனால் மனிதனை அறியும் கட்டடமும் எழும்பிவிட்டது. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட 'தி எட்ஜ்' என்னும் காரியாலயத்தில் சுமார் 28,000 உணர்கருவிகள் பதிக்கப்பட்டன. ஆளில்லாத இடத்தில் விளக்கு அணைகிறது; மின்சாரம் மிச்சமாகிறது. நன்மையே. ஆயினும், ஆளில்லை என்றறியும் கருவி ஆள் உண்டென்பதையும் அறியுமன்றோ? அந்த அறிவு யார் வசம் இருப்பது?

இதைத் துணிந்து கேட்டவர்கள் டொராண்டோ நகரவாசிகள். கூகுளின் சகோதர ஸ்தாபனமான ஸைட்வாக் லாப்ஸ், 2017-ல் அந்நகரின் ஏரிக்கரையில் உணர்கருவிகள் நிறைந்த பேட்டையொன்றை நிர்மாணிக்க முன்வந்தது. ஆள் அடையாளத்தை உடனுக்குடன் அழிக்கும் கடமை தகவல் சேகரிக்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தாதென்று அறிந்ததும், ஆலோசகராயிருந்த ஆன் கவுக்கியன் அம்மையார் 2018-ல் ராஜிநாமாச் செய்தார். 2019-ல் கனடா சிவில் உரிமைச் சங்கம் கோர்ட்டை நாடியது. 2020 மே மாதத்தில் கம்பெனியார், பொருளாதார நிலையைக் காரணங்காட்டித் திட்டத்தைக் கைவிட்டனர். காரணம் எதுவாயினும், ஜனங்கள் கேட்கத் தவறவில்லை.

நாம் கேட்டோமா? 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் நகரத் திட்டத்தின்கீழ் நம் நாட்டின் 100 நகரங்களில் கட்டுப்பாட்டு நிலையங்கள் ஏற்பட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023-ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவோ, ராஜ்யப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக, தான் குறிப்பிடும் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. காவலனையே காவலுக்குப் புறம்பாக்குவது நியாயமாகாது.

பொதுப்பணத்தில் எழும் எந்தக் கட்டடமும், தான் எதைக் கவனிக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பதை அவ்வூர்ப் பாஷையில் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். இதற்குத் தக்க சட்டம் செய்யும்படி ஊர்தோறும் கூட்டங்கூடிக் கேட்பது தேசபக்தர் கடமை. வெயிலைத் தடுக்கும் சுவர் நமக்கு வேண்டும். வேவு பார்க்கும் சுவர் வேண்டாம்.