ஹைதராபாத் சைக்கிள் பாதை: கூரை உண்டு, இணைப்பு எங்கே?

ஹைதராபாத்: வெளிவட்டச் சாலையையொட்டி, சூரிய மின்தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் நீள சைக்கிள் பாதை 2023 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. நானக்ராம்குடாவிலிருந்து தெலங்கானா போலீஸ் அகாடமி வரை 8.5 கி.மீ., நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கி.மீ. என அது இரு பகுதிகளாக அமைந்துள்ளது. பாதையின் அகலம் 4.5 மீட்டர், கூரையின் மின் உற்பத்தித் திறன் 16 மெகாவாட். தென் கொரியாவின் டேஜியோன் - செஜோங் நெடுஞ்சாலையில் உள்ள சைக்கிள் பாதையே இதற்கு முன்மாதிரி.

வெயிலும் மழையும் படாமல், வாகனங்களின் இடையூறு இன்றிச் செல்ல இத்தகைய வசதி இந்திய நகரங்களில் அரிது. ஆனால், அந்தப் பாதை வரை பாதுகாப்பாகச் சென்று சேர்வது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லை. இப்பாதையை நகரின் பழைய குடியிருப்புப் பகுதிகளோடு இணைக்கும் தொடர்ச்சியான தனித்தடம் கிடையாது. சைக்கிளைக் காரில் ஏற்றி வந்து, ஓட்டிவிட்டுத் திரும்புவோருக்கு அது குறையாகத் தோன்றாது. இதற்குச் சூட்டப்பட்ட ‘ஹெல்த்வே’ என்ற பெயரும் உடற்பயிற்சியையே முன்னிறுத்துகிறது.

இந்தியாவில் சைக்கிள் முதன்மையாக உடற்பயிற்சிக் கருவி அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. காவலாளி, கட்டுமானத் தொழிலாளி, நாளிதழ் போடுபவர், பால் விநியோகிப்பவர் ஆகியோருக்கு அதுவே வேலைக்குச் செல்லும் வாகனம். அவர்கள் செல்லும் சாலையில்தான் பேருந்தும் லாரியும் செல்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தரவுகளின்படி, 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள்.

ஹைதராபாத்தில் கடந்த பத்தாண்டுகளாகச் சாலை மேம்பாட்டின் நோக்கம், சிக்னலில் நிற்காமல் வாகனங்கள் செல்வதாகவே இருந்து வருகிறது. உத்திசார் சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் அடுத்தடுத்துக் கட்டப்பட்டன. நெரிசல் சில இடங்களில் குறைந்திருக்கலாம். ஆனால், சைக்கிளில் வருபவர் சாலையைக் கடக்கக் கிடைக்கும் ஒரே அவகாசம் சிவப்பு விளக்கு எரியும் அந்த நேரம்தான். சிக்னலை அகற்றும் திட்டம் அந்த அவகாசத்தையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை இடத்தை வாகனங்களுக்கு அன்றி மனிதர்களுக்குப் பங்கிட வேண்டும் என்கிறது. பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ.க்கு மிகாதிருக்க வேண்டும் என 2020-இல் வெளியான ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. இவற்றுக்குச் சூரியக் கூரை தேவையில்லை, பெருஞ்செலவும் தேவையில்லை. கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அரசியல் ரீதியாகக் கடினமானது அதுதான்.

ஸ்பெயினின் செவில்லே நகரம் அதைத்தான் செய்தது. 2006-க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் 100 கி.மீ.க்கும் அதிகமான தடுப்புடன் கூடிய தடங்களை, பெரும்பாலும் வாகன நிறுத்த இடங்களைக் குறைத்து, அந்நகரம் அமைத்தது. ஆங்காங்கே துண்டு துண்டாக அமைக்காமல், தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று இணையும் வலைப்பின்னலாகத் திட்டமிட்டதே அங்கு சைக்கிள் பயன்பாடு பன்மடங்கு உயரக் காரணம். தெலங்கானாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை: மத்திய அரசு 2020-இல் அறிவித்த ‘சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ போட்டியில் வென்ற 11 நகரங்களுள் வாரங்கலும் ஒன்று.

ஹைதராபாத் மெட்ரோவின் நீல வழித்தடம் 2019 நவம்பரில் ராய்துர்கம் வரை நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்து நானக்ராம்குடா சில கிலோமீட்டர் தொலைவே. இடையில் கச்சிபௌலியின் அலுவலகங்களும், அவற்றில் பணிபுரியும் துப்புரவாளர்களும் காவலாளிகளும் உள்ளனர். இந்தச் சிறு இடைவெளியில் தடுப்புடன் கூடிய தடமும், சந்திப்புகளில் சைக்கிளுக்குத் தனி சிக்னலும், மெட்ரோ நிலையத்தில் கட்டணமில்லா சைக்கிள் நிறுத்தமும் அமைந்தால், 23 கிலோமீட்டர் பாதை முதன்முறையாக நகரத்தோடு சேரும்.