சாம்பல் நிறத்துக்கு எதிராக

மாங்காட்டில் புதிதாக அடுக்ககம் வாங்கியிருக்கும் இலக்கிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். புத்தக அலமாரியின் முன் இரண்டு நிமிடம், குளியலறையின் முன் கால் மணி நேரம். சுவர் அடர்சாம்பல். தரை அதைவிடச் சற்றே வெளிறிய சாம்பல். வாஷ்பேசினுக்குக் கீழுள்ள மர அலமாரி கருஞ்சாம்பல். ‘தனிஸாகி படித்திருக்கிறீர்கள் அல்லவா?’ என்று கேட்டார். படித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

குளியலறைச் சுவரின் வண்ணம் இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் பேசத்தக்க பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஜப்பானின் மகத்தான நாவலாசிரியர்களில் ஒருவரான ஜுனிசிரோ தனிஸாகி 1933இல் எழுதத் தொடங்கிய புகழ்பெற்ற நிழல் பற்றிய கட்டுரை, வீடு கட்டுவதன் தொல்லைகளில் ஆரம்பித்து நேராகக் கழிப்பறைக்குத்தான் போகிறது. பளபளக்கும் வெள்ளை ஓடுகளை அவர் வெறுத்தார். மங்கலான ஒளியையும் மரத்தின் தானியக் கோடுகளையும் விரும்பினார். என் நண்பரைப் போன்றவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தனிஸாகி போற்றிய கழிப்பறை வீட்டிலிருந்து விலகி, இலையும் பாசியும் மணக்கும் தோப்பருகே நிற்பது. அதன் மங்கல் ஒளி, காகிதம் ஒட்டிய சட்டகத்தின் வழியே வடிகட்டி வரும் பகல் வெளிச்சம். மாங்காட்டு அடுக்ககக் குளியலறையின் இருட்டு அப்படிப்பட்டதல்ல. குழாய்கள் இறங்குவதற்காகக் கட்டடத்தின் நடுவே விடப்பட்ட, கிணறு போன்ற குறுகிய சந்தை நோக்கி ஒரு முழ அகலத்தில் ஒரு சன்னல். அதன் வழியே வருவது எதிர்வீட்டுச் சமையல் நெடி மட்டுமே. மனையின் ஒவ்வொரு சதுர அடியையும் விலையாக்கும் கணக்கில் பிறந்த இருட்டு இது. இதற்கு அழகியல் பெயர் சூட்டுவது, கட்டியவரின் சிக்கனத்துக்கு நாமே எழுதிக்கொடுக்கும் நற்சான்றிதழ்.

இன்னொன்றும் உண்டு. அக்கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தாமஸ் ஹார்ப்பர் எழுதிய பின்னுரையில் ஒரு சம்பவம் வருகிறது. தனிஸாகி புது வீடு கட்ட முனைந்தபோது வந்த கட்டடக் கலைஞர், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டேன், உங்களுக்கு வேண்டியது எனக்குத் தெரியும் என்றாராம். அப்படிப்பட்ட வீட்டில் என்னால் ஒருபோதும் வசிக்க முடியாது என்பது தனிஸாகியின் பதில். எழுதியவரே குடியேற மறுத்த இருட்டில் நாம் நம் வீட்டு முதியவர்களைக் குடியேற்றிக்கொண்டிருக்கிறோம்.

முதியவர்கள் என்று பொதுவாகச் சொன்னேன். என் அம்மா என்றே சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் இதே ஊர்தான். நான்காண்டுகளுக்கு முன் எங்கள் குளியலறைக்கு வண்ணம் தேர்ந்தவன் நானே. வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அழுக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகச் சாம்பலைத் தேர்ந்தேன். சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, அறையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்த தரையை அம்மா காணவில்லை. மணிக்கட்டு முறிந்தது. ‘சுவரு எது தரை எதுன்னே தெரியலைப்பா’ என்றார். கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மாற்ற வேண்டியிருந்தது சுவரையும் தரையையும்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது, கண்மணி சுருங்குகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. கண்புரை இருந்தால் இன்னும் குறைவு. மெல்லிய நிறவேறுபாடுகள்தாம் முதலில் மறைகின்றன. நாற்பது வயதில் நாம் நேர்த்தி என்று வியக்கும் ‘சாம்பலின் மேல் சாம்பல்’ எழுபத்தைந்து வயதில் வெறும் மூட்டம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடலாமா? அதற்கும் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். நமக்குச் சண்டிகர் வழியாக அறிமுகமான லெ கொர்பூசியே, 1925இல் வெளியான தன் நூலில், ஒவ்வொரு குடிமகனும் தன் சுவர்களை ரிப்போலின் என்னும் வெள்ளைப் பூச்சால் பூசிவிட வேண்டும் என்று சட்டமே வகுத்தார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிப்பிடம். அங்கும் அம்மாவுக்கு எதுவும் பிரிந்து தெரியாது. பிரச்சினை எந்த ஒரு நிறமும் அல்ல, ஒரே நிறம் என்னும் மோகம்.

‘அழுக்குத் தெரியாத நிறம்’ என்ற சொற்றொடரையும் சற்று விசாரிக்க வேண்டும். அழுக்குத் தெரியாததால் அழுக்கு இல்லாமல் போவதில்லை. யாரும் கழுவச் சொல்லிக் கேட்க மாட்டார்கள் என்பதே அதன் பொருள். ஆண்கள் கடையில் தேர்ந்தெடுக்கும் நிறம் அது. தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களோ வேலைக்கு வரும் அம்மாவோதான். பூஞ்சை ஈரத்தில் வளர்வது. நிறத்தைப் பார்த்து வருவதில்லை. அடர்நிறம் அதை மறைக்கும். வெளிர்நிறம் வந்த அன்றே காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கும் சுவரே நல்ல சுவர். காற்றுப்போக்கிக்குச் செலவிடாமல் நிறத்துக்குச் செலவிடுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் போர்வையை மாற்றுவதைப் போன்றது.

அந்த அலமாரியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு வேனிட்டி என்று பெயர். வீண்பெருமை என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. நாள் முழுதும் ஈரம் நிற்கும் அறையில் பிளைவுட் அலமாரியை வைத்து, அது உப்பி உரியும்போது பெயின்டைக் குறைசொல்கிறோம். எங்கள் ஊர்க் காமாட்சி கோயிலில் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் மூலிகைக் கலவையால் ஆனது என்பதால் அதற்கு நீர் அபிஷேகம் கிடையாது, அர்ச்சனை மட்டுமே. பொருளின் இயல்பறிந்து சடங்கை வகுத்த ஊரில், பொருளின் இயல்பறியாமல் அலமாரி செய்கிறோம்.

பழைய வீட்டுக் குளியலறையை நினைத்துக்கொள்கிறேன். சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர், செங்காவித் தரை, மூலையில் பித்தளை அண்டா. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையை எளிதில் அண்டவிடாது. எது சுவர், எது தரை, எது தண்ணீர்ப் பாத்திரம் என்பது அரையிருட்டிலும் தெரியும். அது பொற்காலம் என்று சொல்லவரவில்லை. சோப்பு பட்டால் அந்தத் தரை வழுக்கும், தாத்தாவும் அங்கே விழுந்திருக்கிறார். ஆனால் தரை தெரியாமல் விழவில்லை.

ஆகவே நண்பருக்கும் அவரைப் போன்றோருக்கும் சொல்வது இது. சுவரும் கூரையும் வெளிர்நிறமாக இருக்கட்டும். தந்தமோ இளமஞ்சளோ உங்கள் விருப்பம். தரை அதிலிருந்து தெளிவாகப் பிரியும் அடர்நிறமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கட்டும். அலமாரி சுவரின் நிறத்திலும் தொட்டியின் நிறத்திலும் சேராதிருக்கட்டும். பிடிகம்பி சுவரோடு கரைந்துபோக வேண்டாம். ஐயமிருந்தால் கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். அதில் தரையும் சுவரும் ஒன்றாகத் தெரிந்தால் உங்கள் தாயாருக்கும் அப்படித்தான் தெரியும். வண்ண அட்டையைக் கடையின் குழல்விளக்கில் பார்க்காதீர்கள். அந்த அறையிலேயே, விடியற்காலையில், வீட்டின் மூத்தவரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எங்கள் சுவர் இப்போது இளமஞ்சள், தரை செங்காவி. அழகாக இல்லை என்று நண்பர் சொன்னார். இருக்கலாம். அம்மா இப்போது குளிக்கப் போகும்போது யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை. இதைவிட மேலான அழகியல் தனிஸாகியிடம் இருப்பதாக எண்ணுபவர்கள் மறுத்து எழுதலாம், விவாதிக்கக் காத்திருக்கிறேன்.