பிரபு வீட்டு அரை ஓர்க்

எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்கள் சிலர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் ஒருவர் உருவாக்கிய பாத்திரம் ஓர் அரை ஓர்க். மனிதருக்கும், அந்த உலகம் காட்டுமிராண்டி என்று ஒதுக்கிய ஓர்க்குக்கும் பிறந்தவர். ஆனால் பிரபுக் குடும்பம். கோட்டை உண்டு, முத்திரை மோதிரம் உண்டு.

"ஏன் தோழர், ஒடுக்கப்பட்டவர் கோட்டையில் இருக்கக் கூடாதா?" என்றார். தாராளமாக இருக்கலாம். எங்கள் சண்டை கோட்டையோடு அல்ல, விதிப்புத்தகத்தோடு.

1978 புத்தகம், ஆட்டக்காரர் எடுக்கும் அரை ஓர்க்கை மனிதராகவே தோற்றம் தரும் 'மேலான' பத்து சதவீதத்தில் ஒருவர் என்றது. அடையாளத்தை மறைக்க முடிந்தவருக்கு மட்டும் அனுமதி! 2000 பதிப்பு பலத்தில் இரண்டு கூட்டி, அறிவில் இரண்டும் ஆளுமைக் கவர்ச்சியில் இரண்டும் கழித்தது. 2014இல் கழித்தல் போனது. ஆனால் பலமும் உடலுறுதியும்தான் கூடின. பிறரை மிரட்டும் திறமை பிறப்போடு இலவசம். கலந்து பிறந்தவரின் குணத்தைப் பிறர் எழுதிவைப்பது நமக்குப் புதிதா? மனுவின் பத்தாம் அத்தியாயத்தில் பெரும்பகுதி அந்தக் கணக்குத்தானே.

கண்டனங்கள் எழுந்தபின் 2020இல் நிறுவனம் திருத்திக்கொள்வதாகச் சொன்னது. 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லே போய்விட்டது. கூடவே அரை ஓர்க்கும் போய்விட்டார்! முழு ஓர்க் இருக்கிறார், கலந்து பிறந்தவருக்குத் தனிப் பக்கம் இல்லை. இழிவை நீக்கச் சொன்னால் ஆளையே நீக்குவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் பாருங்கள். கூட்டல் புள்ளிகள் இப்போது இனத்திலிருந்து பாத்திரத்தின் 'பின்னணி'க்கு மாறிவிட்டன. உழவர் என்றால் பலம், உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில் கூட்டலாம். பிரபு என்றால் பலம், அறிவு, கவர்ச்சி. ரத்தத்தில் இருந்ததைக் குடும்பத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகக் கல்வி சார்ந்த அறிவு மட்டும் ஏன் வயலுக்கு வராமல் மாளிகையிலேயே தங்கிவிட்டது?

2014 புத்தகத்தில் பிரபுப் பின்னணிக்கு ஒரு சலுகை இருந்தது. உயர்குடியில் பிறந்ததாலேயே மக்கள் உங்களை நல்லவராக எண்ணுவார்கள். பெரிய இடங்களில் வரவேற்பு கிடைக்கும். நம் மாணவரின் பாத்திரத்துக்கு அதே புத்தகம் மிரட்டும் முகத்தையும் தந்திருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால், சபைக்குள் நுழையும்போது வாயிற்காவலன் எதை முதலில் பார்ப்பான்? அதை ஆடிப் பாருங்கள் என்றோம்.

அவருடைய கதைக் குறிப்பில் தந்தைவழி மூதாதையர் ஏழு தலைமுறைக்குப் பெயரோடு இருந்தார்கள். ஓர்க் பாட்டி ஒரே வரியில் வந்தார், பெயரில்லாமல். அவர் கோட்டைக்குள் எந்த வாசல் வழியாக வருவார் என்று கேட்டோம். மாணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பாட்டிக்கு ஒரு பெயர் எழுதினார். வாசலை அடுத்த வாரம் முடிவு செய்யப்போகிறாராம்.